அடுத்தடுத்த எண்ணில் இரண்டு கார்டுகள்

எதிலும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, "சீக்கிரம் வாலா" என்று கையை ஆட்டுகிற மச்சான் குணாவுக்கு,

இந்தத் தடவையும் நீதான் முந்திக்கொண்டாய். ஆனால் கூப்பிடவில்லை. நான்தான் இங்கே நின்று உன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. ஐயருக்குச் சொல்லியாயிற்று. சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று, உனக்குப் பிடித்த கத்தரிக்காய் சம்பால் உட்பட. பேப்பரில் உன் படம் போடுகிறோம். "அண்ணே, நீதான் அவருக்குப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டாளி. படத்துக்குக் கீழ போட நாலு வரி எழுதிக் குடுண்ணே" என்று என் தங்கை வசந்தா கேட்டாள். மூன்று நாளாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன். 'கண்ணீருடன்' என்று எழுதுவேன், அடிப்பேன். மறுபடியும் 'கண்ணீருடன்'. எனக்கு வருவது கண்ணீர் இல்லை மச்சான், வெட்கம். அதை எந்தப் பேப்பர் போடும்?

அதனால் நாலு வரியை விட்டுவிட்டு உனக்கே எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. உன் மகள் துளசி ஒன்றாம் ஆண்டு போகிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பையைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்து, ஃப்ளாட் படியில் பாதியில் நின்று என்னைப் பார்ப்பாள். லிஃப்ட் நீ போனபிறகு மூன்று முறை பழுதாகி, இரண்டு முறை சரியானது. வசந்தா ஜெலுத்தோங் கிளினிக் ஒன்றில் கவுண்டர் வேலைக்குப் போகிறாள். உன் மோட்டாரை வாரம் ஒரு தடவை நான் வந்து ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். பாலத்தில் ஜாம் அப்படியேதான் இருக்கிறது.

நல்ல செய்தி அவ்வளவுதான். உன் பெட்டி செத்துப்போச்சு.

எது என்று கேட்கமாட்டாய். உனக்குப் பெட்டி என்றால் ஒன்றுதான், வரவேற்பறை மூலையில் முனகிக்கொண்டே இருந்த அந்தக் கறுப்புச் சர்வர். நாலு டிஸ்க், நடுவில் ஒரு ரெய்ட் கார்டு. நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லப் போகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் நான் எந்த இடத்தில் கெட்டவன் ஆனேன் என்று எனக்கே விளங்கும்.

அந்தக் கார்டைத் தேர்ந்தெடுக்க நீ இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாய். ஃபேக்டரியில் ரெஸ்ட் டைம் எல்லாம் போனில் அதையே படித்துக்கொண்டிருப்பாய். எந்தச் சிப், உள்ளே எவ்வளவு மெமரி, கரண்ட் போனால் தாங்க பேட்டரி உண்டா, சூட்டை எப்படித் தணிக்கிறது. எனக்குப் பொறுமை போய்விட்டது. "டேய், பொண்ணு பாக்கக்கூட நீ இவ்ளோ யோசிக்கல" என்றேன். "பொண்ணு தெரிஞ்ச வீடுலா. கார்டு அப்படியா?" என்றாய். என் தங்கையைக் கட்டியவன் நீ.

படத்தையும் வீடியோவையும் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்கிலும் பிரித்துப் போட்டு வைப்பது அந்தக் கார்டின் வேலை. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்துத் திரும்பக் கட்டிவிடும். எந்தத் துண்டு எங்கே என்பது கார்டுக்குத்தான் தெரியும். "அப்ப கார்டே செத்துட்டா?" என்று நான்தான் கேட்டேன். அந்தக் கேள்விக்காகத்தான் என்னைக் காடியில் ஏற்றி ஜூருவுக்குக் கூட்டிப்போனாய்.

ஜூருவில் ஹமீது பாய் கடை. ஆபீஸ்களிலும் ஃபேக்டரிகளிலும் கழித்துப் போடுகிற கம்ப்யூட்டர்களை வாங்கிப் பிரித்து விற்கிறவர். ஒரே சர்வரிலிருந்து கழற்றிய இரண்டு கார்டுகளை மேசையில் வைத்தார். ஒரே மாதிரி, ஒரே சிப், ஒட்டியிருந்த எண்கூட அடுத்தடுத்தது. "நல்ல பாரங் தம்பி, சரக்கு சுத்தம். ரெண்டையும் பிரிக்காதீங்க" என்றார். நீ ஒன்றை எடுத்தாய், மற்றதை என் கையில் வைத்தாய்.

"ஒண்ணு என் வீட்ல, ஒண்ணு உன் வீட்ல. நீயும் ஒரு பெட்டி கட்டு. என்னோடது போனா உன்னோடத மாட்டுவோம். உன்னோடது போனா என்னோடது. சரியா?"

"சரிலா" என்றேன். அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு ஒரு வினாடி ஆகியிருக்குமா?

நானும் கட்டினேன். புக்கிட் மெர்தாஜாமில் என் வீட்டு அறையில் அது மூன்று வருஷம் ஓடியது. பிறகு எனக்கு அலுத்துவிட்டது. அதன் சத்தம், அதன் சூடு. கடையில் கிடைக்கிற சின்ன ரெடிமேட் பெட்டி ஒன்றை வாங்கிப் படங்களை அதற்கு மாற்றினேன். கார்டு மேசை டிராயரில் கிடந்தது. ஒரு நாள் எதையோ விற்க போனில் விளம்பரம் போட்டபோது அதையும் சேர்த்துப் போட்டேன். ஒருத்தன் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். கஷ்டம் என்று விற்கவில்லை மச்சான். இடத்தை அடைக்கிறதே என்று விற்றேன்.

உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவாய் என்று தள்ளிப் போட்டேன். நீயோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உன் பெட்டியைத் திறந்து தூசி தட்டும்போதெல்லாம் கேட்பாய். "மச்சான், கார்டு பத்திரமா இருக்கா?"

"இருக்குலா. துணியில சுத்தி அலமாரியில வெச்சிருக்கேன்."

துணி, அலமாரி. பொய்யனுக்கு விவரம் எவ்வளவு அழகாக வருகிறது பார்.

உன் வீட்டில் எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தான் போனது. கல்யாண வீடியோ, துளசி பிறந்தது, தைப்பூசத்துக்கு அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நீ தண்ணீர்மலை ஏறினது. வசந்தா போனிலும் உன் போனிலும் எடுக்கிற படமெல்லாம் தானாகவே பெட்டிக்குப் போய்விடும், போனிலிருந்து அழிந்துவிடும். "போன்ல எதுக்கு இடத்த அடைக்கணும்?" என்று பெருமையாகச் சொல்வாய். ரெய்ட் வேறு, பிரதி வேறு என்பது உனக்குத் தெரியும். இன்னொரு பெரிய டிஸ்க் வாங்கி முழுசாக ஒரு பிரதி எடுத்து என் வீட்டில் வைக்கவேண்டும், தீபாவளி கழியட்டும் என்றாய். தீபாவளிக்கு முன்னால் உனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. திங்கள்கிழமை காய்ச்சல், சனிக்கிழமை நீ இல்லை. நான் மாக் மண்டின் ஃபேக்டரியில் ஷிஃப்டில் இருந்தேன். மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு போனைக் காதில் வைத்தேன். வசந்தா "அண்ணே" என்று மட்டும்தான் சொன்னாள்.

இனி எழுதப் போகிற பத்தி உனக்கும் எனக்கும் மட்டும்.

காரியம் முடிந்த பிறகு உன் படத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. "அவரு பெட்டி மேலயே வைக்கலாம்ணே. அவரு எப்பவும் அங்கதானே குந்தியிருப்பாரு" என்றாள் வசந்தா. வைத்தோம். பெட்டியை அவள் ஒரு நாளும் அணைக்கவில்லை. அந்த முனகல் கேட்டால் நீ ஹாலில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் உன் படத்துக்குச் சாம்பிராணி போட்டாள். எட்டு மாதம். நான் வாரா வாரம் போனேன், புகை போட்டதைப் பார்த்தேன், கையெடுத்துக் கும்பிட்டேன். பெட்டியின் முன்பக்கத்து ஃபேன் அந்தப் புகை எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாதா? மெஷின் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். ஆனால் உன் படத்தை அங்கேயிருந்து நகர்த்து என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? அடுத்த வாரம் திறந்து துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே எட்டு மாதத்தையும் ஓட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வசந்தா போன் பண்ணினாள். அவள் பேசுவது கேட்கவில்லை, பின்னால் ஒரே கீச்சொலி. "அண்ணே, அவரு பெட்டி கத்துது! நிறுத்தவே மாட்டேங்குது!" என்றாள். துளசி காதைப் பொத்திக்கொண்டு அழுவதும் கேட்டது. நான் போய்ச் சேருவதற்குள் பெட்டியே கத்தி ஓய்ந்துவிட்டது. மூடியைத் திறந்தேன். கார்டின் மேல் இருந்த குட்டி ஃபேன் சுற்றவில்லை. பிசின் மாதிரி கறுப்பாக ஒட்டிக்கிடந்தது, அடியில் கார்டு சூட்டில் வெந்துபோயிருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் சாம்பிராணி வாசம்.

"என்னாச்சுண்ணே?"

"கார்டுக்கு வயசாயிடுச்சும்மா. டிஸ்க் நல்லாதான் இருக்கு. கார்டுதான் போச்சு" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் மறக்கமுடியவில்லை. "அப்ப பயம் இல்லல்ல? உங்கிட்டதான் இன்னொண்ணு இருக்கே. அவரு சொல்லியிருக்காரு" என்றாள்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "அதுவும் போயிடுச்சும்மா. போன வருஷமே கெட்டுப்போச்சு."

"அய்யோ, பாவம்ணே" என்றாள். என்னைப் பார்த்துப் பாவம் என்றாள், குணா.

அதற்குப் பிறகு தேட ஆரம்பித்தேன். முதலில் என்னிடம் வாங்கினவனைப் பிடித்தேன். அவன் கம்ப்யூட்டரோடு சேர்த்து வேறு யாருக்கோ விற்றுவிட்டானாம். அந்த ஆளின் நம்பர் இப்போது வேலை செய்யவில்லை. கொம்தார் பக்கம் கடை கடையாக ஏறினேன். எல்லாரும் புதுக் கார்டைக் காட்டினார்கள். "இது லேட்டஸ்ட்லா பாஸ், ரொம்ப ஸ்பீடு" என்றான் ஒருத்தன். ஸ்பீடு யாருக்கு வேண்டும்? பழைய கார்டு எழுதி வைத்த கணக்கைப் படிக்கத் தெரிந்த கார்டு எனக்கு வேண்டும். நீ இரண்டு மாதம் படித்ததை நான் இரண்டு வாரத்தில் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, நீ எவ்வளவு ஆழமாகப் பார்த்திருக்கிறாய் என்று. பாராட்டலாம் என்றால் ஆளைக் காணோம்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துளசி என் மடியில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அப்பா எப்படிப் பேசுவாரு?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், சாப்பாட்டுக்கு என்ன கறி என்று கேட்பது போல. இருபத்தைந்து வருஷம் உன் குரலைக் கேட்டவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "துளசிம்மா, இங்க வாலா" என்று உன்னை மாதிரியே இழுத்துச் சொன்னேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "அது அப்பா இல்ல மாமா" என்றாள். பிறகு, "அப்பா எப்படின்னு எனக்கு வரமாட்டேங்குது" என்றாள். வசந்தா அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் இல்லை.

மறுநாளே ஜூருவுக்குப் போனேன். ஹமீது பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்துவிட்டது. நீ இறந்ததைச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்த் தேடி ஒரு கார்டைக் கொண்டுவந்தார்.

"தம்பி, சிப் அதேதான். ஆனா இது வேற கம்பெனி சர்வருக்குன்னு செஞ்சது. உள்ள இருக்கிற புரோகிராம் வேற. உங்க டிஸ்க்க இது ஏத்துக்குமா, சொல்லமுடியாது. அடுத்த மாசம் எனக்கு ஒரு லோடு வருது. அதுல உங்களோட அதே மாடல் இருக்கும்னு நெனக்கிறேன். பொறுத்துக்குங்க."

ஒரு மாதம். எட்டு மாதம் சும்மா இருந்த எனக்கு ஒரு மாதம் பொறுக்க முடியவில்லை. வசந்தா ஒவ்வொரு நாளும் "கெடச்சுச்சாண்ணே?" என்று செய்தி அனுப்பினாள். குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. அந்த நம்பிக்கையை இன்னும் முப்பது நாள் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. கையில் இருந்ததைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். பாய் காசு வாங்க மறுத்தார். "அவசரப்பட்டு எதையும் அமுக்கிடாதீங்க தம்பி" என்று காடிவரைக்கும் வந்து சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாட்டினேன். கார்டு டிஸ்கைப் பார்த்தது. நாலும் இருக்கிறது என்றது. ஆனால் அதில் உள்ளது அந்நியக் கணக்கு, என்னால் படிக்க முடியாது என்று திரையில் சொன்னது. நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே அணைத்திருப்பாய். டிஸ்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்திருப்பாய், நிஜமாகவே. நான் எங்கேயோ படித்திருந்தேன், அதே வரிசையில் அதே அளவில் கணக்கைப் புதிதாக எழுதினால் பழையது அப்படியே தெரியும் என்று. ஒரே ஒரு நிபந்தனை, டிஸ்கைத் துடைக்கச் சொல்லக்கூடாது. திரை கேட்டதற்கெல்லாம் கட்டம் கட்டமாகப் பதில் சொன்னேன். கடைசிக் கட்டத்தில் ஒரு வரியைக் கவனிக்கவில்லை. அந்தக் கார்டு, வேண்டாம் என்று நாமாகச் சொன்னால் ஒழிய, தானே துடைக்க ஆரம்பித்துவிடுமாம். ஆமாம் என்று அமுக்கினேன்.

நாலு விளக்கும் ஒன்றாக மினுங்கின. எட்டு மாதம் பார்த்த அதே பச்சை. "வசந்தா! உயிர் வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

அவள் ஓடி வந்தாள். துளசியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். உன் படத்தை மறுபடி பெட்டி மேல் வைத்து விளக்கேற்றினாள். மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றோம். திரையில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண் மெதுவாக ஏறியது. சரிபார்க்கிறது என்று நினைத்தேன். "எல்லாத்தையும் படிக்குதும்மா, நேரம் எடுக்கும்" என்றேன். சாப்பிட்டோம். அவள் பாயசம் வைத்தாள், மச்சான். பாயசம். நாங்கள் மூன்று பேரும் இங்கே உட்கார்ந்து பாயசம் குடிக்க, அங்கே அந்த மினுங்கல் உன்னைத் துண்டு துண்டாக அழித்துக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு, அந்த எண் நாற்பதைத் தாண்டியபோது, அதற்கு மேலே சின்ன எழுத்தில் இருந்ததை முதல் முறையாகப் படித்தேன். எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கின பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னண்ணே? கரண்ட் போச்சா?" என்றாள் வசந்தா.

அவளிடம் அதை மட்டும் அன்றைக்கே சொன்னேன், நான் தப்பாக அமுக்கிவிட்டேன் என்று. அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உன் படத்தை எடுத்து முந்தானையால் துடைத்து டிவி பக்கத்தில் வைத்தாள். "நீ வேணும்னேவா செஞ்ச?" என்றாள்.

நாலு டிஸ்கையும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கோலாலம்பூர் போனேன். டேட்டா மீட்கிற கடை ஒன்று. அங்கிருந்த பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். "முன்னால உள்ளதெல்லாம் துடைச்சாச்சு அண்ணே, அது வராது. பின்னால கிடைக்கிறத எடுத்துத் தர்றோம்" என்றாள். ஐந்து வாரம் கழித்து ஒரு பென்டிரைவ் வந்தது. கல்யாணம் இல்லை. துளசி பிறந்தது இல்லை. தண்ணீர்மலை இல்லை. பாதி முகமும் பாதிச் சாம்பல் நிறமுமாகக் கொஞ்சம் படம். சத்தம் இல்லாத வீடியோ சில. முழுசாகக் குரலோடு வந்தது ஒன்றே ஒன்று, முப்பத்தொரு வினாடி.

அதை எடுத்தது துளசிதான். நாலு வயசில் அம்மாவின் போனை வைத்து விளையாடியிருக்கிறாள். படத்தில் உன் முகம் இல்லை. உன் முழங்கால், தரையில் ஒரு ஸ்குரூடிரைவர், திறந்து கிடக்கிற பெட்டி. நீ தூசி தட்டிக்கொண்டிருக்கிறாய். வசந்தா எங்கிருந்தோ கேட்கிறாள்: "ஏங்க, எல்லாத்தையும் அதுக்குள்ள போடுறீங்களே, அது கெட்டுப்போச்சுன்னா?"

நீ சிரிக்கிறாய். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன் அந்தச் சிரிப்பை. "கெட்டா என்னலா? சேகர்கிட்ட இன்னொரு கார்டு இருக்கு. துணியில சுத்தி அலமாரியில வெச்சிருக்கான், போன வாரம்கூட கேட்டேன். நான் இல்லாட்டியும் அவன் பாத்துக்குவான்."

அவ்வளவுதான். பிறகு துளசியின் விரல் வந்து எல்லாம் இருட்டாகிவிடுகிறது.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் கேட்டோம். துளசி குதித்தாள். "அப்பா! இதுதான் அப்பா!" வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே என் தோளைத் தொட்டு, "உன் கார்டும் முன்னாடியே கெட்டுப்போச்சேண்ணே, நீ என்ன செய்வ" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

நான் எழுந்து வெளியே போய் ஐந்தாம் மாடி நடைபாதையில் நின்றேன். கீழே யாரோ மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

துளசி இப்போது அதைத் தினமும் போட்டுக் கேட்கிறாள். காலையில் ஒரு தடவை, பள்ளி விட்டு வந்து ஒரு தடவை. மனப்பாடம் ஆகிவிட்டது. பல் இல்லாத வாயால் உன் இழுப்போடு அப்படியே சொல்கிறாள், "சேகர்கிட்ட இன்னொரு கார்டு இருக்கு." மாமாவைப் பெயர் சொல்லலாமா என்று வசந்தா அதட்டினால், "அப்பாதானே சொன்னாரு" என்கிறாள். உன் குரலில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். அதில் நீ என்னை நம்புகிறாய். அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். உன் மகள் வளர்ந்து, கல்யாணம் ஆகி, தன் பிள்ளைக்கு 'உன் தாத்தா குரல்' என்று எடுத்துக் காட்டப்போவதும் அதைத்தான். இதற்கு மேல் ஒருத்தனை எப்படித் தண்டிக்க முடியும், சொல்லு?

நீ கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை. கிண்டல் பண்ணினால்கூடப் பரவாயில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கேட்பாயே, இன்னொரு தடவை கேட்கமாட்டாயா? "இல்லைடா, வித்துட்டேன்" என்று சொல்லிவிடுவேன். சொல்ல ஒரு வினாடிகூட ஆகாது.

ஹமீது பாய் போன மாதம் கூப்பிட்டார். லோடு வந்துவிட்டதாம். அதே மாடல். போய் வாங்கிக்கொண்டேன். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போது அது உண்மை. யாருக்கும் உபயோகமில்லாத உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பிண்டம் கரைத்துவிட்டு வந்து, எல்லாரும் சாப்பிட்டுப் போனபிறகு, வசந்தாவை உட்காரவைத்து இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டுவேன். சாம்பிராணி வருகிற இடங்களை மட்டும், இந்த வரியையும் சேர்த்து, தாண்டிவிடுவேன். திறந்து துடைக்காதவன் நான், அது அவள் தலையில் ஏறக்கூடாது. மற்றதை ஒரு வரி விடாமல் வாசிப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை வாசலில் நிறுத்தினாலும் சரி, மோட்டாரை ஸ்டார்ட் பண்ண நான் வருவேன்.

இன்னொன்று. அந்த முப்பத்தொரு வினாடியை நாலு பிரதி எடுத்துவிட்டேன். ஒன்று வசந்தாவிடம், ஒன்று என்னிடம், ஒன்று ஃபேக்டரி லாக்கரில், ஒன்று ஹமீது பாய் கடைப் பெட்டகத்தில். மாதத்தின் முதல் நாள் ஒவ்வொன்றையும் திறந்து, முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்ப்பேன். ஒரு எழுத்துக் குறையாமல், நான் சாகும்வரை, "அவன் பாத்துக்குவான்" என்று நீ சொல்வதை நான் பார்த்துக்கொள்வேன், மச்சான். இதில் பொய் இல்லை.

துணியும் அலமாரியும் சொல்லி உன்னை ஏமாற்றிய,
வசந்தாவின் அண்ணன், துளசியின் மாமா,
உன் மச்சான் சேகர்